பொதுப்பணம் ஏழை வீட்டுக்கு வந்து சேர்வது எப்படி?

இந்தியாவின் நூறு நாள் வேலைத் திட்டம் தரும் பாடம்

"ஒரு திட்டம் வந்திருக்கிறதாம்." இடம்பெயர்ந்து வாழும் மக்களிடையே இந்தச் செய்தியைப் போல விரைவாகப் பரவும் செய்தி வேறில்லை. மறுநாள் காலையே பொதுநோக்கு மண்டபத்தின் முன்னால் வரிசை நீண்டுவிடும். ஒருவர் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போவார். சில வாரங்களின் பின் ஒரு பட்டியல் வரும். அதில் சிலருடைய பெயர் இருக்கும். சிலருடைய பெயர் இராது. பெயர் உள்ளவர் "கடவுள் கண் திறந்தார்" என்பார். பெயர் இல்லாதவர் "எங்களுக்கு ஆள் இல்லை" என்பார். எந்த விதிப்படி இந்தப் பெயர் சேர்ந்தது, எந்த விதிப்படி அந்தப் பெயர் விடுபட்டது, மொத்தமாக வந்த பணம் எவ்வளவு, அது எப்படிச் செலவாயிற்று என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்டால் அடுத்த முறை ஒன்றும் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம்.

இந்த அச்சம் நியாயமானதா? பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உரிமை உண்டா? கேட்டால் என்ன நடக்கும்? அயல்நாட்டில் நடந்த ஒரு பெரிய முயற்சியின் அனுபவத்தைக் கொண்டு இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பொதுப்பணம் யாருடைய பணம்?

அரசாங்கம் மக்களின் நலனுக்காகச் செலவிடும் பணத்தைப் பொதுப்பணம் என்கிறோம். வரி கட்டுபவர்கள் பணக்காரர்களே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நாம் கடையில் வாங்கும் பல பொருட்களின் விலைக்குள்ளே வரி மறைந்திருக்கிறது. தகரக் கொட்டிலில் வாழும் ஒரு தாயும் சவர்க்காரக் கட்டி ஒன்றை வாங்கும்போது வரி கட்டிவிட்டே வீடு திரும்புகிறார். வெளிநாட்டுக் கடனாக வரும் பணத்தை நாமும் நமது பிள்ளைகளும் திருப்பிக் கட்டவேண்டும். நன்கொடையாக வருவதும் நமது இல்லாமையைக் காட்டிப் பெறப்பட்டதே. ஆகவே அது எவருடைய பையிலிருந்தும் எமக்குத் தரப்படும் பிச்சை அன்று.

பொதுப்பணத்தில் நடக்கும் திட்டங்களின் கடதாசிகளில் மூன்று நோக்கங்கள் அடிக்கடி எழுதப்பட்டிருக்கும். வேலைவாய்ப்பை உண்டாக்குதல், ஒதுக்கப்பட்டவர்களைச் சமூகத்தோடு இணைத்தல், ஆண் பெண் சமத்துவத்தை வளர்த்தல் என்பனவே அவை. மூன்றும் நல்ல நோக்கங்கள். ஆனால் கடதாசியில் எழுதப்பட்ட நோக்கம், குளக்கட்டில் மண் சுமக்கும் பெண்ணின் கையில் சம்பளமாக வந்து சேருவதற்கு இடையில் பல படிகள் உண்டு. எந்தப் படியில் அது தடுக்கி விழுகிறது? எது அதைத் தாங்கிப் பிடிக்கிறது?

இதை அறிய இந்தியாவின் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் நல்ல உதாரணமாகும். தமிழ்நாட்டு மக்கள் அதை "நூறு நாள் வேலை" என்று அழைத்தனர். குளம், வாய்க்கால், வரப்பு, மண்வெட்டி என்று எமக்குப் பழக்கமான வேலைகளே அதிலும் நடந்தன.

வறட்சியில் பிறந்த எண்ணம்

1970 தொடக்கம் 1973 வரை மகாராஷ்டிர மாநிலத்தைக் கடும் வறட்சி வாட்டியது. கிணறுகள் வற்றின, பயிர்கள் கருகின. அரசாங்கம் திறந்த நிவாரண வேலைத்தளங்களில் விவசாயக் குடும்பங்கள் கல் உடைத்தும் மண் வெட்டியும் உயிர் பிழைத்தன. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் இவ்வாறு வேலை செய்தனர்.

வறட்சி வந்த பின் ஓடித்திரிந்து நிவாரணம் கொடுப்பதிலும் பார்க்க, வேலை கேட்டு வரும் கிராமத்தவருக்கு வேலை கொடுப்பதை அரசின் நிரந்தரக் கடமையாக்க வேண்டும் என்று வி. ச. பாகே என்ற காந்தியவாதி வாதாடினார். அவர் அம்மாநில மேலவையின் தலைவராக இருந்தவர். 1965இல் சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில் சிறிய அளவில் பரீட்சிக்கப்பட்ட இந்த எண்ணம், 1972இல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாகி, 1977இல் சட்டமாயிற்று.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1975இல் தொழில் வரி என்ற ஒரு வரி விதிக்கப்பட்டது. நகரங்களில் மாதச் சம்பளம் பெறுவோரும் தொழில் நடத்துவோரும் அதைக் கட்டினர். அவ்வாறு சேர்ந்த தொகைக்கு ஈடாக மாநில அரசும் தன் பங்கைப் போட்டது. நகரத்து உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து கழித்த பணம் கிராமத்து ஏழையின் கூலியாக மாறியது. இருப்பவரிடம் சிறிது பெற்று, இல்லாதவருக்கு வேலையாகக் கொடுப்பது என்பதே பொதுநிதியின் அடிப்படை.

சட்டத்தில் எழுதப்பட்டவை

மகாராஷ்டிரத்தின் அனுபவத்தையும் பார்த்தே 2005ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் முழு நாட்டுக்குமாகக் கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 பெப்ரவரி 2ஆம் திகதி 200 மாவட்டங்களில் தொடங்கிய திட்டம், 2008 ஏப்ரல் முதல் நாட்டின் எல்லாக் கிராமப்புற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2009இல் மகாத்மா காந்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகள் இவை:

1. உடலுழைப்புச் செய்ய விரும்பும் ஒவ்வொரு கிராமக் குடும்பத்துக்கும் ஆண்டொன்றுக்கு 100 நாள் வேலை.

2. வேலை கேட்டு 15 நாட்களுக்குள் வேலை கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி வழங்கவேண்டும்.

3. வேலைத்தளம் 5 கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும். தூரம் கூடினால் 10 வீதம் மேலதிகக் கூலி.

4. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்கவேண்டும்.

5. கூலியை வாரந்தோறும், தவறினாலும் இரு வாரங்களுக்குள், கொடுக்கவேண்டும்.

6. கொந்தராத்துக்காரருக்கு இடமில்லை. ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களுக்கும் இடமில்லை.

7. வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியன வேண்டும். வேலையில் காயமடைந்தால் இலவச வைத்தியம்.

ஓர் உதாரணத்தால் இதை விளங்கிக்கொள்வோம். நாட்கூலி 320 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் வேலை கேட்டு விண்ணப்பித்து 15 நாட்களாகியும் வேலை கிடைக்கவில்லை. அப்போது முதல் 30 நாட்களுக்குக் கூலியின் காற்பங்கு, அதாவது நாளுக்கு 80 ரூபாவுக்குக் குறையாமல் அவருக்குச் சேரவேண்டும். அதன் பின்னரும் வேலை இல்லையென்றால் அரைப்பங்கு, அதாவது 160 ரூபா சேரவேண்டும். வேலைத்தளம் 5 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் நாட்கூலி 352 ரூபாவாகும்.

சட்டத்தை எழுதியவர்கள் இன்னொரு கணக்கும் போட்டிருந்தனர். வேலை கொடுத்தால் கூலிப் பணத்தை மத்திய அரசு கட்டும். வேலை கொடுக்கத் தவறினால் வேலையில்லாப் படியை மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் கட்டவேண்டும். ஆகவே வேலை கொடுப்பதே மாநிலத்துக்கு இலாபம். உத்தியோகத்தரின் நல்ல மனத்தை மாத்திரம் நம்பியிராமல், கடமையைச் செய்யாதவருக்கு நட்டம் வரும்படி அமைத்தது நல்ல யோசனை.

ஆனால் இங்கே ஒரு சிறு கடதாசித் துண்டு பெரிய காரியம் செய்தது. வேலை கேட்டதற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு இருந்தாற்றான் 15 நாட்களை எண்ண முடியும். பல ஊர்களில் அந்தப் பற்றுச்சீட்டைக் கொடுக்கவில்லை. "வேலை வரும்போது சொல்கிறோம், போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினர். பற்றுச்சீட்டு இல்லாததால் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் வேலையில்லாப் படியும் இல்லை. சட்டம் கொடுத்த உரிமை ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் வீணாயிற்று.

பெண்ணின் பெயரில் ஒரு சம்பளம்

வயல் வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி என்பது எமது ஊர்களிலும் தமிழ்நாட்டிலும் நெடுநாள் வழக்கம். நாற்று நடுவதற்கும் களை பிடுங்குவதற்கும் முதுகு வளைவது பெண்ணுக்கே என்றாலும் கூலி குறைவு. நூறு நாள் வேலையில் ஒரே கூலி என்று சட்டம் சொன்னதும் பெண்கள் பெருந்தொகையாக வந்தனர். மூன்றில் ஒரு பங்கு என்பதைத் தாண்டி, பின்னைய ஆண்டுகளில் நாடு முழுவதும் நடந்த வேலைநாட்களில் அரைவாசிக்கு மேல் பெண்களுடையனவாயின. தமிழ்நாட்டில் அது ஐந்தில் நான்கு பங்கையும் தாண்டியது. கேரளத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அயற்குழு அமைப்பின் உறுப்பினர்களே வேலைத்தளங்களை மேற்பார்வை செய்தனர்.

ஆனால் ஒரே கூலி என்று எழுதுவதோடு சமத்துவம் வந்துவிடாது. இரண்டு இடங்களில் அது வழுக்கியது.

முதலாவது, அளவு. கூலி பெரும்பாலும் வெட்டிய மண்ணின் கன அளவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இளகிய மண்ணும் இறுகிய மண்ணும் ஒன்றல்ல. வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து, கட்டின்மேல் ஏறிக் கொட்டுவதும் வேலையே. வெட்டுவதற்கு மட்டும் விலை போட்டால், சுமக்கும் பெண்ணின் உழைப்புக் கணக்கில் வராது. ஆகவே ஒரு பெண், ஒரு முதியவர், ஒரு வலிமையான இளைஞர் ஆகியோர் உண்மையில் ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும் என்று நேரம் குறித்து அளந்து, சில மாநிலங்கள் தமது விலைப் பட்டியலைத் திருத்தின.

இரண்டாவது, வங்கிப் புத்தகம். கூலி வங்கிக்கூடாக வந்தபோது, பல குடும்பங்களில் மனைவி உழைத்த கூலியும் கணவனின் கணக்குக்கே போயிற்று. மத்தியப் பிரதேச மாநிலத்தில் நடந்து, 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சோதித்தது. பெண்களுக்குத் தம் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து, கூலியை நேரே அதற்குள் அனுப்பி, கணக்கைப் பயன்படுத்தும் முறையையும் கற்றுக்கொடுத்தனர். அப்பெண்கள் முன்னரிலும் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். இத்திட்டத்துக்கு வெளியிலும் வேலை தேடினார்கள். உழைப்பின் பயன் தன் கைக்கு வரும் என்று தெரிந்தால் உழைக்க மனம் வரும் என்பது வியப்பல்ல.

குழந்தைகளையும் சட்டம் மறக்கவில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வேலைத்தளத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் அதே நாட்கூலி கொடுக்கவேண்டும். ஆனால் இந்த ஏற்பாடு மிகப் பல இடங்களில் ஏட்டிலேயே நின்றது. கைக்குழந்தை உள்ள தாய் வீட்டிலேயே தங்கினாள். "பெண்கள் வரவில்லை" என்று உத்தியோகத்தர் எழுதும்போது, வருவதற்கு வழி செய்தோமா என்றும் எழுதவேண்டும் அல்லவா?

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள்

எந்தத் திட்டமும் தன்னை நோக்கி வருபவரை முதலில் பார்க்கிறது. வர முடியாதவர் கண்ணிற் படுவதில்லை. இதை உணர்ந்து, 2013ஆம் ஆண்டின் வழிகாட்டல் ஏடு சில பிரிவினரைத் தனியே குறிப்பிட்டது. கணவனை இழந்த பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர், நாடோடிச் சமூகத்தினர் ஆகியோருடன் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரும் அதில் சேர்க்கப்பட்டனர். கலவரம் முதலியவற்றால் ஊரை விட்டு வந்தவர்கள், தற்போது தங்கியிருக்கும் இடத்திலேயே விசேட வேலை அட்டை பெறலாம். அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியதும் அந்த அட்டை காலாவதியாகும். ஊர்ப் பதிவு வேறிடத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இடம்பெயர்ந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதே இதன் பொருள். இதன் அருமை எமக்கு நன்கு தெரியும்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தண்ணீர் கொடுத்தல், குழந்தைகளைப் பார்த்தல், மரக்கன்று பராமரித்தல் போன்ற வேலைகள் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட சாதியினர், பழங்குடியினர், சிறு விவசாயிகள் ஆகியோரின் சொந்த நிலத்தில் கிணறு வெட்டவும், வரப்புக் கட்டவும், நிலத்தைச் சீர்ப்படுத்தவும் அதே பொதுப்பணம் செலவிடப்பட்டது. அதனால் ஏழை விவசாயி கூலியும் பெற்றார். அவருடைய காணியும் திருந்தியது. ஆனால் காணிக்கு உறுதியோ பத்திரமோ இல்லாத குடும்பம் இந்தப் பயனைப் பெறுவது கடினமாக இருந்தது. நல்ல திட்டமும் கடதாசி இல்லாதவரின் வாசலில் நின்றுவிடுகிறது.

ஊர் கூடிக் கணக்குக் கேட்டபோது

பொதுப்பணம் களவு போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். செய்யாத வேலையைச் செய்ததாகவும், வராத ஆளை வந்ததாகவும் எழுதுவது. இதைத் தடுக்கும் வழியைக் கண்டவர்கள் கற்றறிந்த கணக்காய்வாளர்கள் அல்லர். ராஜஸ்தான் மாநிலத்தின் ஏழைக் கிராமத்தவர்களே.

1990 மே முதலாம் திகதி அங்கே தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு ஒன்று உருவாயிற்று. உயர்ந்த அரசாங்கப் பதவியைத் துறந்து கிராமத்துக்கு வந்த அருணா ராய் என்ற பெண்மணி, நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதில் முன்னின்றனர். குறைந்தபட்சக் கூலி கேட்ட தொழிலாளரிடம், "நீங்கள் வேலையை முடிக்கவில்லை என்று ஏட்டில் இருக்கிறது" என்று உத்தியோகத்தர் சொன்னார்கள். "அப்படியானால் அந்த ஏட்டைக் காட்டுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். ஏடு இரகசியம் என்று பதில் வந்தது. அங்கேதான் போராட்டம் தொடங்கியது.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் முதலாவது பொது விசாரணைக் கூட்டம் நடந்தது. கிடைத்த வரவு இடாப்புகளும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் சத்தமாக வாசிக்கப்பட்டன. எழுத்தறியாத பெண்ணும் தன் பெயரைக் கேட்டு எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று சொல்ல முடிந்தது. அதனைத் தொடர்ந்து பல ஊர்களில் நடந்த இத்தகைய கூட்டங்களில் இறந்தவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிவந்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் மறியல் இருந்து, கணக்கேடுகளின் பிரதியைத் தரும்படி கேட்டனர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களின் முழக்கம். 2005இல் இந்தியா முழுவதற்குமான தகவலறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு இந்தப் போராட்டம் முக்கிய காரணமாயிற்று.

வேலை உறுதிச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. கிராம சபை கூடி வேலைகளின் கணக்கை ஆராயவேண்டும் என்று சட்டம் விதித்தது. இதனைச் சமூகக் கணக்காய்வு என்போம். தமிழ்நாட்டில் சமூகத் தணிக்கை என்பர். 2011இன் விதிகளின்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அது நடக்கவேண்டும். ஆந்திரப் பிரதேசம் இதற்கெனவே தனி அமைப்பு ஒன்றை 2009இல் நிறுவியது. பயிற்சி பெற்ற கிராம இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, ஏட்டில் எழுதியதையும் மக்கள் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தனர்; பின் எல்லார் முன்னிலையிலும் வாசித்தனர்.

குறைகளையும் சொல்லவேண்டும்

இத்திட்டம் குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. 100 நாள் என்று சட்டம் சொன்னாலும், வேலை செய்த குடும்பங்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 நாட்களே கிடைத்தன. கூலி தாமதமாயிற்று. தாமதத்துக்கு நட்டஈடு உண்டு. ஆனால் அது நாளொன்றுக்கு 0.05 வீதம். 1000 ரூபா கூலிக்கு நாளுக்கு 50 சதம்! 2025இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் மாதக்கணக்கில் கூலிக்காகக் காத்திருந்தனர்.

களவைத் தடுக்கவென்று 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளங்களிலும் கைத்தொலைபேசியில் நாளுக்கு இரு முறை படம் எடுத்து வரவு பதிவது கட்டாயமாக்கப்பட்டது. தொலைபேசி இணைப்பு இல்லாத இடங்களில், வேலை செய்தவருக்கே வரவு இல்லாமற் போயிற்று. மேற்கு வங்காளத்தில் முறைகேடு நடந்ததென்று 2022 மார்ச்சில் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. களவு செய்தவர் சிலர். பட்டினி கிடந்தவர் பல இலட்சம் தொழிலாளர். மீண்டும் தொடங்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025இலேயே.

விவசாயிகளின் முறைப்பாடும் இருந்தது. அறுவடைக் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது என்றனர். கூலி ஏறியது உண்மை. ஆனால் அந்தக் கூலியைப் பெற்றவரும் ஏழைதானே? சொந்த வயலும் செய்து, மற்றவர் வயலுக்கும் கூலிக்குப் போகும் எமது குடும்பங்கள் இதன் இரு பக்கங்களையும் உணரும்.

இவ்வளவு குறைகளோடும், 2020-21 நிதியாண்டில் கொரோனா நோயால் நகர வேலைகளை இழந்து கோடிக்கணக்கானோர் ஊர் திரும்பியபோது, 11 கோடிக்கு மேற்பட்டோர் இத்திட்டத்தில் வேலை பெற்றனர். ஆபத்துக் காலத்தில் போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது.

2025 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் இச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதில் நாட்கள் 125 ஆக உயர்த்தப்பட்டன. அதே வேளையில் செலவில் பெரும்பாலான மாநிலங்களின் பங்கு 40 வீதமாக்கப்பட்டது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் வைக்கப்பட்டது. நாட்களின் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்து நன்மை தீமையைத் தீர்மானிக்க முடியாது. பணம் யார் கட்டுவது, எப்போது நிறுத்தலாம் என்ற வரிகளையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

எமக்குரிய பாடம்

எமது நாட்டில் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று திட்டங்கள் வந்தன. இவை குடும்பங்களுக்கு உதவித்தொகையும் சில பயிற்சிகளும் கடன்களும் தந்தன. கேட்டால் வேலை கொடுக்கவேண்டும் என்ற சட்டம் எமக்கு இல்லை. மீள்குடியேற்ற காலத்தில் வேலைக்குக் காசு, வேலைக்கு உணவு என்று வந்தவையும் திட்டக் காலம் முடிந்ததும் போய்விட்டன. ஆயினும் அயலவரின் அனுபவத்திலிருந்து இன்றே நாம் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, கேட்டதற்குச் சாட்சி வைத்திருங்கள். விண்ணப்பத்தின் பிரதி, கொடுத்த திகதி, பெற்றவரின் கையொப்பம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் பத்திரப்படுத்துங்கள். இடம்பெயரும்போது அடையாள அட்டையோடு அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, வீட்டிலுள்ள பெண்களின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். உழைத்தவரின் பெயரிலேயே கூலி வரட்டும். "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதத் தயங்கவேண்டாம்.

மூன்றாவது, பட்டியல் வந்தால் உங்கள் பெயரைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே இருக்கவேண்டிய எந்தப் பெயர் இல்லை என்றும் பாருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து அதைச் செய்யலாம். அஸ்வெசும பட்டியல் 2023இல் வெளியானபோது மேன்முறையீடும் ஆட்சேபனையும் செய்ய இடமளிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கே அது பயன்பட்டது.

நான்காவது, கணக்கைக் கேளுங்கள். எமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. பிரதேச செயலகம், பிரதேச சபை போன்ற எந்தப் பொது அதிகார சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். உங்கள் ஊர்க் குளத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அவரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் உத்தியோகத்தரே அதை எழுதிக்கொள்ளவேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

இந்தச் சட்டம் அரசாங்க அலுவலகங்களோடு நின்றுவிடவில்லை. அரசிடமிருந்தோ, வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ, சர்வதேச நிறுவனங்களிடமிருந்தோ பெருமளவு நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரசு சார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை தொடர்பான தகவலைக் கொடுக்கக் கடமைப்பட்டவை. ஏழைகளின் பெயரால் பணம் பெற்றுப் பணி செய்யும் நாமும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். உங்கள் ஊரில் நாம் நடத்தும் வேலையின் வரவு செலவையும் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும்படி எம்மிடம் கேளுங்கள். கேட்டவரின் பெயர் அடுத்த பட்டியலில் விடுபட்டால், அதையும் அதே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

தனியே கேட்பவருக்கு அச்சம் வருவது இயல்பு. கோட்கிரானாவிலும் எவரும் தனியே எழவில்லை, ஊரே கூடியிருந்தது.

குழுக் கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. கடந்த இரு ஆண்டுகளில் உங்கள் ஊருக்கு அல்லது முகாமுக்கு வந்த திட்டங்கள் எவை? அவற்றின் மொத்தத் தொகை உங்களில் எவருக்காவது தெரியுமா?

2. உங்கள் ஊரில் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி கொடுக்கப்படுகிறது? வித்தியாசம் இருந்தால், அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியானதா?

3. கைக்குழந்தை உள்ள தாய், மாற்றுத்திறனாளி, தனித்து வாழும் முதியவர் ஆகியோரில் யாராவது வேலைத் திட்டங்களுக்கு வரமுடியாமல் இருக்கிறார்களா? அவர்கள் வருவதற்கு எதை மாற்றவேண்டும்?

4. காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றில் ஏதாவது இல்லாத குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்கு உதவ யார் பொறுப்பேற்பது?

செய்து பார்க்க: குழுவில் இருவர் சேர்ந்து, உங்கள் ஊரில் நடந்த ஒரு பொது வேலையின் செலவு விபரத்தைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கொடுத்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.